ஆச்சி பார்த்த தேர் எத்தனை?

உங்கள் வீட்டில் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, சித்தப்பா, அத்தை, வாண்டுகள் என்று எல்லாரும் ஒன்றுகூடும் நாள் எது? பொங்கலா, தீபாவளியா, ரம்ஜானா, கிறிஸ்துமஸா? தூத்துக்குடிப் பிள்ளைகளிடம் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். இந்தப் பண்டிகைகளோடு இன்னொரு நாளையும் சேர்த்துச் சொல்வார்கள். "ஆகஸ்ட் 5!"

அன்றுதான் தூத்துக்குடி பனிமய மாதா பேராலயத் திருவிழா. ஜூலை 26-ஆம் தேதி கொடி ஏறும். அதிலிருந்து 11-ஆம் நாள் பெருவிழா. அன்றைக்கு மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம். (அதற்குப் பதிலாக ஏதாவது ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூடம் வைத்துவிடுவார்கள். அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம்!)

வெளியூரில் வேலை பார்க்கும் தூத்துக்குடிக்காரர்கள் பலரும் இந்த நாட்களில் குடும்பத்தோடு ஊருக்கு வந்துவிடுவார்கள். சென்னையில் இருப்பவர்கள் 'முத்துநகர் எக்ஸ்பிரஸ்' ரயிலில் மாலையில் ஏறினால், விடிந்ததும் தூத்துக்குடி. ரயிலுக்கு ஏன் அந்தப் பெயர்? மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி எடுத்த ஊர் அல்லவா! பரதவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு கடலுக்கு அடியில் போய்ச் சிப்பி அள்ளி வருவார்கள். 1960-களின் தொடக்கத்தோடு அந்த முத்துக்குளிப்பு நின்றுபோனது. ஊரின் செல்லப் பெயர் மட்டும் 'முத்துநகர்' என்றே நிலைத்துவிட்டது. அந்தக் கடலோர மக்களின் திருவிழாதான் இது.

கொடியேற்றத்தின்போது ஒரு வேடிக்கை உண்டு. கொடி உச்சிக்குப் போகும் நேரத்தில் பழைய துறைமுகத்தில் நிற்கும் இழுவைக் கப்பல் 'பூம்ம்ம்' என்று சங்கொலி எழுப்பும். பெரிய கப்பல்களைத் துறைமுகத்துக்குள் இழுத்து வரும் சின்னக் கப்பல்தான் இழுவைக் கப்பல். ஆள்தான் சின்னது, குரல் பெரிது! வெண்புறாக்களைப் பறக்க விடுவார்கள். கொடிமரத்தின் அடியில் பாலும் பழமும் நேர்ச்சையாக வைத்து எல்லாருக்கும் கொடுப்பார்கள். பெரும்பாலான குட்டிகளுக்குத் திருவிழா என்றாலே முதலில் ஞாபகம் வருவது அந்த வாழைப்பழம்தான்.

ஒரு சந்தேகம் வந்திருக்குமே? தூத்துக்குடியில் வெயில் கொளுத்தும். ஆகஸ்ட் மாதத்தில் காற்று வேறு மணலை வாரி முகத்தில் அடிக்கும். அந்த ஊரில் 'பனி'மய மாதா எப்படி?

இதற்குப் பதில் ரோம் நகரத்தில் இருக்கிறது. வெகு காலத்துக்கு முன்பு அங்கே கடும் கோடைக் காலத்தில், ஆகஸ்ட் 5-ஆம் தேதி, ஒரு குன்றின் மேல் திடீரென்று பனி பெய்ததாம். பனி பெய்த இடத்தில் மாதாவுக்குக் கோயில் கட்டினார்கள் என்று கதை சொல்வார்கள். அந்தக் கோயிலில் இன்றும் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 5 அன்று மேலே கூரையிலிருந்து வெள்ளைப் பூவிதழ்களைக் கொட்டுகிறார்கள், பனி விழுவதுபோல! நம் கடற்கரைக்கு வந்த போர்த்துக்கீசியர்கள் இந்தப் பெயரையும் கொண்டுவந்தார்கள். அவர்கள் மொழியில் 'நேவிஸ்' என்றால் பனி. அதனால்தான் தூத்துக்குடியில் 'தஸ்நேவிஸ் மாதா' என்றும் சொல்வார்கள்.

தூத்துக்குடிப் பிள்ளைகளுக்குப் பனி தெரியாது. ஆனால் ஊருக்கு வெளியே உப்பளங்களில் வெள்ளை வெளேரென்று குவித்து வைத்திருக்கும் உப்பைப் பார்த்திருப்பார்கள். ரயிலில் வரும் வெளியூர்க் குட்டிகளுக்கு அதைக் காட்டி, "பாரு, பனி!" என்று ஏமாற்றலாம். நக்கிப் பார்க்கும்வரை நம்புவார்கள்.

மாதாவின் திருவுருவம் 1555-இல் பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலாவில் இருந்து கப்பலில் வந்தது என்று பேராலய வரலாறு சொல்கிறது. 1582-இல் முதலில் ஒரு கோயில் எழுந்தது. இப்போது நாம் பார்க்கும் கோயில் 1713-இல் திறக்கப்பட்டது. 1982-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அதைப் 'பேராலயம்' ஆக உயர்த்தினார். சரி, வரலாறு போதும். தேருக்குப் போவோம்.

ஒவ்வொரு ஆண்டும் ஆகஸ்ட் 5 மாலையில் மாதாவின் திருவுருவம் சப்பரத்தில் வீதி உலா வரும். ஆனால் சில ஆண்டுகளில் மட்டும் சப்பரத்துக்குப் பதிலாகத் தங்கத் தேர்! அடேயப்பா, அதன் உயரம் 53 அடி. ஐந்து மாடிக் கட்டடம் நடந்து வருவதுபோல இருக்கும். ஜெபமாலையில் 'அருள் நிறைந்த மரியே' சொல்லும் மணிகளும் 53 என்பதை எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். எஞ்சின் கிடையாது. மக்கள் வடம் பிடித்து இழுத்தால்தான் தேர் நகரும்.

இந்தத் தேர் முதன்முதலில் ஓடியது 1806-இல். அப்போது பரதவர்களின் தலைவராக இருந்தவர் 'பாண்டியபதி' என்ற பட்டம் பெற்றவர். தேர் செய்து கொடுத்ததால் அவருக்குத் 'தேர்மாறன்' என்ற பெயரே வந்துவிட்டது. ஒரு வேலையைச் செய்ததற்காக அந்த வேலையின் பெயரே ஒருவருக்குக் கிடைப்பது சாதாரண விஷயமா?

இப்போது நோட்டையும் பென்சிலையும் எடுங்கள். தேர் ஓடிய ஆண்டுகள் இவை: 1806, 1872, 1879, 1895, 1905, 1908, 1926, 1947, 1955, 1964, 1977, 1982, 2000, 2007, 2013, 2023. எண்ணிப் பாருங்கள். மொத்தம் 16 முறை. 200 ஆண்டுகளுக்கும் மேலாகியும் அவ்வளவுதான்!

இத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்று ஒரே மாதிரிக் கணக்கு இல்லை என்பதையும் கவனித்தீர்களா? 1905-க்கும் 1908-க்கும் நடுவில் மூன்றே ஆண்டுகள். 1806-க்கும் 1872-க்கும் நடுவில் 66 ஆண்டுகள்! முதல் தேரை ஐந்து வயதில் பார்த்த ஒரு பிள்ளை அடுத்த தேரைப் பார்த்திருந்தால், அப்போது வயது 71. பொக்கை வாயோடு பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுதான் வந்திருக்க வேண்டும். நடுவில் பிறந்து வளர்ந்து, தேரையே பார்க்காமல் வாழ்ந்து முடித்தவர்களும் இருந்திருப்பார்கள். பாவம்தானே?

ஆகவே தூத்துக்குடி வீடுகளில் வயதைக்கூடத் தேரால் கணக்குப் போடலாம். 1950-இல் பிறந்த ஓர் ஆச்சியை எடுத்துக்கொள்வோம். 1955-இல் ஐந்து வயது, முதல் தேர். 1964-இல் பதினான்கு வயது. 1977-இல் கல்யாணம் ஆகிக் கையில் ஒரு பிள்ளை இருந்திருக்கலாம். 2023 வரை எண்ணினால் ஆச்சி பார்த்தது எட்டுத் தேர். ஆச்சியின் மகன், அதாவது உங்கள் அப்பா, 1980-இல் பிறந்தவர் என்றால் ஐந்து தேர். 2015-இல் பிறந்த உங்களுக்கு ஒன்றே ஒன்று. 2024-இல் பிறந்த தங்கச்சிப் பாப்பாவுக்கு 2023 தேர்க் கணக்கில் முட்டை!

ஆனால் அப்பாவின் கணக்கில் ஒரு சிக்கல் இருக்கிறது. 1982-இல் அவருக்கு இரண்டு வயதுதானே? அந்தத் தேர் அவருக்குக் கொஞ்சமாவது ஞாபகம் இருக்குமா? இருக்காது. "நீ தாத்தா தோளில் உட்கார்ந்து பார்த்தாய், நடுவிலே தூங்கிவிட்டாய்" என்று ஆச்சி சொன்னால்தான் உண்டு. ஆச்சி சொல்லாவிட்டால் அப்பாவின் கணக்கு ஐந்து இல்லை, நான்கு!

புரிகிறதா? ரொம்பச் சின்னக் குழந்தைகளுக்குத் திருவிழா ஞாபகம் இருக்காது. "பச்சைப் பிள்ளைக்கு என்ன தெரியப் போகிறது, வீட்டிலேயே இருக்கட்டும்" என்று சில பெரியவர்கள் சொல்வார்கள். கூட்டத்தையும் வெயிலையும் நினைத்தால் அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் தூத்துக்குடித் தாய்மார்கள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரத்தான் செய்கிறார்கள். பிள்ளைக்காக ஞாபகம் வைத்துக்கொள்ள வீட்டில் ஆள் இருக்கிறதே! அந்த ஆள் ஏன் நீங்களாக இருக்கக் கூடாது? பத்து வயது அண்ணனும் அக்காவும் இருக்கும் வீட்டில் குட்டிப் பாப்பாவின் திருவிழா அவர்கள் பொறுப்பு.

முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். கூட்டத்தில் ஓர் ஓரமாகப் பாப்பாவின் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். என்ன தெரிகிறது? வேட்டி, சேலை, கால், கால், கால்! மாதாவும் தெரியாது, சப்பரமும் தெரியாது. பாப்பா அழுதால் "ஏன் அடம் பிடிக்கிறாய்?" என்று திட்டாதீர்கள். அப்பாவிடமோ மாமாவிடமோ சொல்லித் தோளில் ஏற்றச் சொல்லுங்கள்.

மூன்று வயது, நான்கு வயதுப் பிள்ளைகளைக் கோயிலுக்குக் காலையிலேயே கூட்டிப் போய்விடுவது நல்லது. வெயிலும் குறைவு, கூட்டமும் குறைவு. மத்தியானம் ஒரு தூக்கம் போட்டால் மாலை பவனிக்கு உற்சாகமாக இருப்பார்கள். தூங்காத பிள்ளை ராட்டினத்தைக் கண்டதும் சிரிக்காது, சிணுங்கும். வாண வேடிக்கையின்போது பாப்பாவின் காதை உங்கள் இரண்டு கைகளாலும் பொத்திவிடுங்கள். தண்ணீர்ப் பாட்டில் உங்கள் பையில் இருக்கட்டும்.

முக்கியமான வேலை இனிதான். ஒரு சின்னத் தாளில் அப்பா, அம்மாவின் செல்போன் எண்களை எழுதி, பாப்பாவின் சட்டைப் பையில் வைத்துப் பின் குத்திவிடுங்கள். உங்கள் பையிலும் ஒன்று இருக்கட்டும். "யாராவது பிரிந்துவிட்டால் இங்கே வந்து நிற்க வேண்டும்" என்று ஓர் இடத்தையும் எல்லாருமாக முடிவு செய்துகொள்ளுங்கள். வளையல் கடை, பலூன்காரர் என்று இடம் சொல்லாதீர்கள். பலூன்காரர் நடந்து போய்விடுவார்! கோயில் வாசல் மாதிரி நகராத இடமாகச் சொல்லுங்கள்.

அப்படியும் கூட்டத்தில் கை நழுவிவிட்டால்? தேடிக்கொண்டு ஓடக் கூடாது. நீங்கள் ஒரு பக்கம் ஓட, அம்மா இன்னொரு பக்கம் ஓட, இரண்டு பேரும் சந்திக்கவே மாட்டீர்கள். முடிவு செய்த இடம் பக்கத்தில் தெரிந்தால் அங்கே போய் நில்லுங்கள். தெரியாவிட்டால் நின்ற இடத்திலேயே நின்று, பக்கத்தில் இருக்கும் போலீஸ்காரரிடமோ, குழந்தையோடு வந்திருக்கும் ஓர் அம்மாவிடமோ சொல்லுங்கள். 1098 என்பது குழந்தைகளுக்கான உதவி எண். எந்தப் போனில் இருந்தும் கூப்பிடலாம், காசு கிடையாது. சப்பரமோ தேரோ வரும்போது சக்கரத்தின் பக்கம் போகவே கூடாது. இதில் மட்டும் விளையாட்டு வேண்டாம்.

தின்பண்டம் இல்லாமல் திருவிழாவா? வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களுக்குத் தூத்துக்குடி மக்ரூன் கட்டாயம் உண்டு. முட்டையின் வெள்ளைக் கரு, சீனி, முந்திரி மூன்றும்தான் சேர்மானம். நன்றாக அடித்து நுரைக்க வைத்து, கூம்பு கூம்பாகப் பிழிந்து, அடுப்பின் இளஞ்சூட்டில் வெகுநேரம் வைத்து எடுப்பார்கள். வாயில் போட்டால் கரைந்துவிடும். ஆனால் டப்பாவைத் திறந்து போட்டுவிட்டால் போச்சு! கடல் காற்றின் ஈரத்தைக் குடித்து நமுத்துவிடும். மூடி போடும் பொறுப்பையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். (மூடும்போது ஒன்று எடுத்துக்கொண்டால் யாரும் கேட்க மாட்டார்கள்.)

இந்த விழா கிறிஸ்தவர்களுக்கு மட்டும்தானா என்று கேட்காதீர்கள். இந்துக்களும் முஸ்லிம்களும் குடும்பத்தோடு வருகிறார்கள். அதேபோல சித்திரை மாதத்தில் சங்கரராமேஸ்வரர் கோயில் தேர் ஓடும்போதும் ஊரே வேடிக்கை பார்க்க நிற்கும். தேர் என்று வந்துவிட்டால் தூத்துக்குடிக்காரர்களால் வீட்டுக்குள் இருக்க முடியாது.

ஆனால் வீட்டுக்குள்ளேயே இருந்த காலமும் உண்டு. 2020-இல் கொரோனா காலத்தில் மக்கள் கூட்டம் இல்லாமலேயே விழா நடந்தது. வெளியூர்ப் பிள்ளைகள் ஊருக்கு வர முடியவில்லை. ராட்டினம் இல்லை, கடைகள் இல்லை. தாத்தாவும் ஆச்சியும் ஓர் ஊரில், பேரப்பிள்ளைகள் வேறோர் ஊரில், எல்லாரும் திரையில்தான் மாதாவைப் பார்த்தார்கள். மூன்று ஆண்டு கழித்து, 2023-இல் தங்கத் தேர் வந்தபோது ஊர் எப்படித் திரண்டிருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்!

சரி, உங்களுக்கு ஒரு வேலை. நீங்கள் எந்த ஊராக இருந்தாலும் பரவாயில்லை. உங்கள் ஊர்த் தேரோ, தெப்பமோ, சந்தனக்கூடோ, அதைத் தாத்தா பாட்டி முதன்முதலில் எந்த வயதில், யார் தோளில் உட்கார்ந்து பார்த்தார்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த பக்கத்தில் அப்பா, அம்மா. அதற்கு அடுத்த பக்கம் உங்களுக்கு. கடைசியாக, இன்னும் பேச்சே வராத குட்டிப் பாப்பாவுக்கும் ஒரு பக்கம் விட்டு, என்ன சட்டை போட்டிருந்தது, எப்போது அழுதது, எந்த இடத்தில் தூங்கியது என்று தேதியோடு எழுதி வையுங்கள். பாப்பா ஒருநாள் வந்து, "நான் பார்த்த தேர் எத்தனை?" என்று கேட்கும்போது நோட்டை எடுத்து நீட்டலாம்!