குளிர் என்று நாங்கள் நினைத்தது

மொன்றியலில் குளிருது என்று சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஆனால் ஜூன் மாதக் கடைசியில், வீட்டுக்குள், கம்பளிச் சட்டையோடு இருந்துகொண்டு "இஞ்சேருங்கோ, எனக்கு இன்னும் குளிருது" என்று மனைவி சொன்னபோது நாங்கள் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அதற்கு முன்பே ஒன்றரை வருடமாகக் களைப்பு, மலச்சிக்கல், முடி உதிர்வு, கரகரத்த குரல், சாப்பாடு குறைந்தும் ஏறிய எடை. ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் ஒரு காரணம் இருந்தது: வயது, மாதவிடாய் நிற்கும் காலம், இரவு வேலை, ஊரில் பட்டது. அடுப்பில் சோற்றை வைத்து மறந்தபோதுதான் பயந்தோம். மறதி நோயோ என்று பிள்ளைகளுக்குக் கேட்காமல் பேசிக்கொண்டோம்.

முதல் முறை வைத்தியரிடம் மகள் கூட்டிப்போனாள். "கை கால் கனக்குது, முகம் ஊதிக் கிடக்கு, நினைப்பு ஓடுதில்லை" என்று தாய் சொன்னதெல்லாம் பிரெஞ்சில் "களைப்பாம்" என்ற ஒரே சொல்லாகச் சுருங்கிப்போனது. மகளில் பிழையில்லை, அந்தச் சொற்கள் அவளிடம் இல்லை. ஓய்வெடுக்கச் சொல்லி அனுப்பினார்கள். அடுத்த முறை, கணக்காளர் புத்தியில், எல்லாவற்றையும் திகதியோடு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். வைத்தியர் கழுத்தைத் தடவிப் பார்த்து, அன்றே இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். ரி.எஸ்.எச் 46. வளர்ந்தவர்களுக்குப் பொதுவாக 0.4 முதல் 4 வரை.

கூடியிருக்கிறது என்றால் தைரொயிட் கூடுதலாக வேலை செய்கிறது என்றுதான் நாங்களும் நினைத்தோம். அது தலைகீழ். ரி.எஸ்.எச் என்பது தைரொயிட் சுரப்பது அல்ல. மூளையின் அடியிலுள்ள கபச் சுரப்பி தைரொயிட்டுக்கு அனுப்பும் கட்டளை. காசு தராத வாடிக்கையாளருக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் போடுகிறோமே, அதுபோலத்தான். வரவேண்டிய ஹோர்மோன் வராதபோது கட்டளை குவிகிறது.

உப்பில் அயடீன் போதவில்லையோ என்று உறவினர்கள் கேட்டார்கள். கனடாவில் மேசை உப்பில் அயடீன் 1949 முதல் கட்டாயம். அயடீன் போதுமான நாடுகளில் பெரும்பாலான காரணம், உடலின் நோயெதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவது. 1912 இல் ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய வைத்தியர் விபரித்தது. பெண்களில் பல மடங்கு அதிகம். அயடீன் குளிசைகளை நாமாக வாங்கி விழுங்கினால் சிலவேளை இன்னும் கெடும்.

இதில் எங்களுக்கு ஒரு வியப்பு. பிறந்த குழந்தையின் குதிக்காலில் எடுக்கும் ஒரு துளி இரத்தத்தில் இந்தக் குறையைக் கண்டுபிடிக்கும் முறையை உருவாக்கியவர் இந்த மாகாணத்தின் ஜான் டுசோ. 1974 இல் உலகிலேயே முதலாவதாகக் கியூபெக் அதை மாகாணம் முழுவதும் தொடங்கியது. அதற்கு முன், சில ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இருக்கும் இந்தக் குறை, மூளை வளர்ச்சி கெட்ட பிறகே தெரியவந்தது. எங்கள் பிள்ளைகள் பிறந்த வாரத்திலேயே பரிசோதிக்கப்பட்டவர்கள். தாய்க்குத்தான் ஒன்றரை வருடம் சென்றது.

மருந்து லெவோதைரொக்சின் என்ற சின்னக் குளிசை. காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு; பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் பால் தேத்தண்ணி கூடாது. எங்கள் வீட்டில் நோயைவிட இதற்குத்தான் பெரிய சண்டை. கல்சியம், இரும்புச்சத்துக் குளிசைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்தில் திரும்ப இரத்தம் பார்த்து அளவை மாற்றுவார்கள். சுகமாகிவிட்டது என்று தானாக நிறுத்தக்கூடாது.

மறதி மெல்ல விலகியது. நவம்பர் கடைசியில், வெளியில் பனி கொட்டிக்கொண்டிருக்க, "ஹீற்றரைக் கொஞ்சம் குறையுங்கோ" என்றார் மனைவி.