பாடும் பொம்மையும் பெரட்டுத் தப்பும்



எசல பெரஹரா நாட்களிலே தலதா மாளிகைப் பக்கம் சென்றவர்கள் 'கெட்டபெர' முழவின் ஒலியைக் கேட்டிருப்பீர்கள். அதனைப் பயில்வோர்க்கு முதற்பாடம் 'தத், ஜித், தொங், நம்' என்னும் நான்கு அடிகளே. நம்மவர் மிருதங்கத்தைத் தொடங்குவதும் 'தத், தி, தொம், நம்' என்றுதானே! ஒலிக்குச் சொல் அமைத்து, அச்சொற்களை வரிசைப்படுத்திக் கொடுத்தால், அறியாத ஒருவரின் கையும் அவ்வொலியை மீண்டும் எழுப்பும். பொம்மை எந்திரத்தைப் பாடவைக்கும் செய்நிரலும் இத்தகைய வரிசையே, வேறொன்றன்று.

இவ்வெண்ணம் பழையது. 1206ஆம் ஆண்டளவில் அல் ஜசாரி என்னும் பொறியறிஞர், படகில் அமர்ந்து வாத்தியம் இசைக்கும் பதுமைகளைத் தம் நூலில் விவரித்தார். சுழலும் உருளையிற் பதித்த முளைகள் நெம்புகோல்களைத் தட்டப் பதுமை முரசறையும். முளையின் இடம் மாறினால் தாளமும் மாறும். திப்பு சுல்தானின் மரப்புலியோ வேறு வகை. 1799இல் சீரங்கப்பட்டணத்தில் ஆங்கிலேயர் கைப்பற்றிய அப்புலி இன்று இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அரும்பொருட்சாலையில் இருக்கிறது. கைப்பிடியைச் சுழற்றினால் அது உறுமும். ஆயின் அதன் வயிற்றிலுள்ள கட்டைகளிற் பாட்டு எழ வேண்டுமாயின் மனிதன்தான் விரல் வைக்க வேண்டும். உறுமல் இருந்தது, நிரல் இல்லை.

இக்காலப் பிள்ளைகளுக்கு உருளையும் வேண்டா, முளையும் வேண்டா. பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் 2016இல் அந்நாட்டு மாணவர்க்கு வழங்கிய மைக்ரோபிட் பலகை உள்ளங்கையில் அடங்கும். 2020இல் வந்த அதன் இரண்டாம் வடிவில் ஒலிபெருக்கியும் உண்டு. சில்லுப் பூட்டிய பொம்மையில் அதனைப் பொருத்திவிடலாம். அதற்குச் சுரத்தின் பெயர் தெரியாது. மீடிறனும் நேரமுமே தெரியும். 'ச'வைச் செக்கனுக்கு 262 அதிர்வாகக் கொண்டால், மாயாமாளவகௌளையில் ரி 277, க 330, ம 349, ப 392, த 415, நி 494, மேற்சட்சம் 523. ஒவ்வொன்றுக்கும் 500 மில்லிசெக்கன் கொடுத்தால் பொம்மை ஆரோகணம் பாடிவிடும்.

ஜண்டை வரிசையிலேதான் பிள்ளைகள் இடறுவர். ஒரே சுரத்தை இருமுறை எழுதினால், பொம்மை அதனை ஒரு நீண்ட சுரமாக இழுத்துவிடும். இடையில் 20 மில்லிசெக்கன் மௌனத்தையும் கட்டளையாக எழுத வேண்டும். மௌனமும் இசையின் உறுப்பென்று நான் வகுப்பிற் பலமுறை சொல்லியும் ஏறாத பாடம், இப்பிழையால் ஒரே நாளில் ஏறிற்று. கமகம் மட்டும் எளிதில் வாராது. 262க்கும் 277க்கும் இடையே சிறு சிறு படிகளாக ஏற்றி இறக்கலாம். எனினும் பாடுவோர் தொண்டை அறிந்த நெளிவு அதில் இல்லை.

எங்கள் வகுப்பிற் கண்டிக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றிலிருந்து வரும் மாணவன் ஒருவன், தான் சுரவரிசை செய்யப் போவதில்லை, பெரட்டுத் தப்பைச் செய்யப் போவதாகக் கூறினான். சிலர் நகைத்தனர். முன்னாளில் விடியற்காலையிற் தொழிலாளரைப் பெரட்டுக்களத்துக்கு அழைத்த தப்பு அது. காமன் கூத்துக்கும் சாவுக்கும் அதற்கு வெவ்வேறு அடிகள் உண்டு. அவ்வடிகளை எழுதிவைத்த ஏட்டை நான் கண்டதில்லை. நினைவில் வைத்திருக்கும் முதியோரோ அருகி வருகின்றனர். நகைத்தவர்களை அமர்த்திவிட்டு, அவனையே முதலிற் செய்யச் சொன்னேன்.

தடித்த குச்சியின் அடிக்குத் தாழ்ந்த மீடிறன், மெல்லிய குச்சியின் அடிக்கு உயர்ந்த மீடிறன், நடுவே மௌனங்கள் என்று அவன் எழுதினான். தீயிற் காய்ச்சிய தோலின் முழக்கம் அச்சிறு ஒலிபெருக்கிக்கு எட்டாதுதான். ஆயினும் பொம்மையை வீட்டுக்குக் கொண்டுபோய், முன்பு தப்படித்த தன் பாட்டனாருக்குக் கேட்பித்தான். அவர் ஒலியைக் குறை கூறவில்லையாம். மூன்றாம் அடிக்குப்பின் மூச்சு விடவில்லை என்றாராம். மறுநாட் காலை அவன் 200ஐ அழித்து 260 என்று எழுதினான்.