களஞ்சியம் அழிந்த இரவு

நூலகத்தில் நூற்பெயர்களை எழுதிவைத்த பேரேடு ஒன்றை நீங்கள் கண்டிருப்பீர்கள். வேண்டிய நூலைக் கேட்டால் நூலகர் அவ்வேட்டைப் புரட்டி, அது எந்த அடுக்கில் உள்ளது எனக் கூறுவார். கணினியுலகில் அத்தகைய பேரேட்டிற்குத் தரவுத்தளம் என்பது பெயர். அதனிடம் நாம் விடுக்கும் கேள்வி வினவல் எனப்படும். தரவுத்தளத்தைத் தாங்கி, வரும் வினவல்களுக்கெல்லாம் விடையளிக்கும் கணினியே வழங்கியாகும். நூலகரை ஒரே நேரத்தில் நூறு பேர் மொய்த்துக்கொண்டால் என்ன ஆகும்? விடை தாமதமாகும், ஏடு எழுதும் வேலையும் பின்தங்கும். வழங்கிக்கும் இந்நிலை நேர்வதுண்டு.

பேரேடு ஒன்றே ஒன்றாயின் அஃது அழிந்தால் எல்லாம் அழியும். ஆதலின் முதல் ஏட்டில் எழுதும் ஒவ்வொரு வரியையும் உடனுக்குடன் இரண்டாம் வழங்கி ஒன்றில் படியெடுப்பர். இஃது இணைப்படி. நாள்தோறும் முழு ஏட்டையும் படியெடுத்து வேறோர் இடத்தில் சேமித்தும் வைப்பர். இது காப்புப்படி. இரண்டும் ஒன்றெனக் கருதற்க. முதல் ஏட்டில் ஒரு வரியைத் தவறாக அடித்துவிட்டால், இணைப்படியிலும் அது அடிபட்டுவிடும். நேற்றைய காப்புப்படியிலோ அவ்வரி பிழைத்திருக்கும்.

மென்பொருள் எழுதுவோர் தம் நிரல்களைச் சேமித்து, ஒருவர்க்கொருவர் கருத்துரைத்துக்கொள்ளும் இணையத்தளங்களுள் கிட்லேப் ஒன்று. 2017ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் மாலை, வீண்செய்தி பரப்புவோரின் தொல்லையால் அதன் தரவுத்தளத்தின்மீது பெருஞ்சுமை ஏறியது. இணைப்படி பின்தங்கி, ஈற்றில் நின்றேவிட்டது. படியெடுக்க வேண்டிய பழைய குறிப்புகளை முதல் வழங்கி அதற்குள் நீக்கிவிட்டமையால், விட்ட இடத்திலிருந்து தொடர வழியில்லை. இரண்டாம் வழங்கியை வெறுமையாக்கி, முழுவதையும் புதிதாய்ப் படியெடுக்க வேண்டியதாயிற்று.

பொறியாளர் ஒருவர் அப்பணியில் இறங்கினார். படியெடுக்கும் கருவியை ஏவினார். கருவி ஒன்றும் கூறாது நின்றது. மீண்டும் ஏவினார், மீண்டும் அதே மௌனம். இரண்டாம் வழங்கியில் எஞ்சியிருந்த கோப்புறையே தடை போலும் என்று எண்ணி, அதனை அழிக்கக் கட்டளையிட்டார். வழங்கிகளோ அவர் கண்முன் இல்லை. தொலைவிலிருந்து திரையில் எழுத்துகளாகவே பேசுவன. ஒன்றின் திரைக்கும் மற்றொன்றின் திரைக்கும் பெயரில் ஓர் எண்ணே வேறுபாடு. ஓரிரு விநாடிகளில் தாம் கட்டளையிட்டது முதல் வழங்கியில் என்பதை அவர் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 ஜிகாபைட் தரவில் 4.5 ஜிகாபைட்டே எஞ்சியது.

காப்புப்படி உண்டே என்று நீங்கள் கேட்கலாம். அவர்களும் அவ்வாறே நம்பியிருந்தனர். தேடிச் சென்று பார்த்தால், சேமிப்பிடம் வெறுமையாய்க் கிடந்தது. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 9.6ஆம் பதிப்பு, காப்புப்படி எடுக்கும் கருவியோ 9.2. இரண்டும் பொருந்தாமையால் அவ்வேலை நெடுநாளாகத் தோற்றுவந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் உரிய சான்று இல்லாமையால் ஏற்கப்படாமல் போயின. எச்சரிக்கை மணி அடித்தும் ஒலி எவர் செவிக்கும் எட்டவில்லை! ஆறு மணி நேரத்திற்கு முன், வேறொரு சோதனைக்காகத் தற்செயலாக எடுத்துவைத்த படி ஒன்றே கைகொடுத்தது. அது மெதுவாக இயங்கும் வட்டில் இருந்தமையால், மீட்க ஏறத்தாழ 18 மணி நேரம் ஆயிற்று. நிரல்கள் தப்பின. ஆயினும் அந்த இடைவெளியில் பதிந்த ஏறத்தாழ 5,000 திட்டங்களின் பதிவுகளும், 5,000 கருத்துரைகளும், 700 பயனர் கணக்குகளும் மறைந்தன.

இத்தகைய வேளையில் தவற்றை மூடிமறைப்பதே உலகியல்பு. அவர்களோ தங்கள் பணிக்குறிப்பேட்டை எவரும் படிக்குமாறு இணையத்தில் திறந்துவைத்தனர். மீட்புப் பணியையும் யூடியூபில் நேரலையாகக் காட்டினர். ஒரு வேளையில் சுமார் 5,000 பேர் அதனைக் கண்டுகொண்டிருந்தனர். தொழிலறிந்தோர் பலர் ஆறுதலும் ஆலோசனையும் கூறினர். அவர்களால் ஏதேனும் கூற முடிந்தமைக்குக் காரணம் அக்குறிப்பேட்டின் தெளிவே. 'வழங்கி பழுதாகிவிட்டது' என்று மட்டும் எழுதியிருந்தால் யார் என்ன சொல்ல இயலும்? 'உடம்பு சரியில்லை' என்று மட்டும் கூறும் நோயாளியிடம் மருத்துவர் என்ன செய்வார்? எந்தப் பதிப்பு, எந்த வழங்கி, எந்தக் கட்டளை, எத்தனை மணிக்கு, திரையில் தோன்றியது யாது என்பனவெல்லாம் அதில் இருந்தன. பொறியாளர் வழங்கியை மாற்றி அழித்ததும் ஒளிவின்றி எழுதப்பட்டிருந்தது. இதனை எழுத எத்துணைத் துணிவு வேண்டும் என்று நான் வியப்பதுண்டு.

இனி, அம்மௌனத்தின் காரணத்தைக் கேளுங்கள். கருவி பழுதுபடவே இல்லை. முதல் வழங்கி தரவை அனுப்பத் தொடங்கும்வரை வாய் திறவாமல் காத்திருப்பது அதன் இயல்பு. கிட்லேப் பொறியாளர்களின் கையேட்டிலோ, கருவிக்குரிய விளக்க நூலிலோ இது தெளிவாக எழுதப்படவில்லை. அவ்வேளையில் உடனிராத சகபொறியாளர் ஒருவருக்கு மட்டும் இது தெரிந்திருந்தது. அவர் கூறியபோதுதான் மற்றையோர் அறிந்தனர். அதற்குள் களஞ்சியம் அழிந்திருந்தது.

பிப்ரவரி 1ஆம் நாள் மாலை தளம் மீண்டும் இயங்கியது. போஸ்ட்கிரெஸின் பிந்திய பதிப்புகளில், நடப்பதை விரித்துரைக்குமாறு பணித்தால், தான் காத்திருப்பதை அக்கருவி இப்பொழுது திரையில் எழுதிக்காட்டுகிறது.