முதிய வண்டியின் முதுமை எங்கே இருக்கிறது?

பழைய கார் ஒன்றை வாங்கச் செல்பவர் முதலில் எதைப் பார்க்கிறார்? ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, எதிரே தெரியும் கிலோமீட்டர் எண்ணைத்தான் பார்க்கிறார். "1,80,000 ஓடிவிட்டதா? அப்படியானால் வேண்டாம்" என்று இறங்கிவிடுகிறார். மனிதனுக்கு ஆண்டுக் கணக்கு எப்படியோ, அப்படியே வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கு என்பது பலருடைய எண்ணம். இந்த எண்ணம் எந்த அளவுக்குச் சரியானது என்பதை ஆராய்ந்து பார்ப்போம்.

எடுத்துக்காட்டாக, நம் சாலைகளில் அடிக்கடி காணும் ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். சென்னையை அடுத்த மறைமலைநகரில் ஃபோர்டு நிறுவனம் தயாரித்த எக்கோஸ்போர்ட் 2013ஆம் ஆண்டில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. அதன் நீளம் 4 மீட்டருக்குள் அடங்கும், உடலோ உயரமானது, தரைக்கும் அடிப்பகுதிக்கும் இடையே 20 சென்டிமீட்டர் இடைவெளி உண்டு. இத்தகைய வண்டிகளைச் சிறிய எஸ்.யு.வி. என்கிறோம். 2021 செப்டம்பரில், இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அந்நிறுவனம் அறிவித்தது. அதற்குள் விற்பனையான வண்டிகள் இப்போது முதுமையை நோக்கிச் செல்கின்றன. அவற்றுள் பல ஒரு இலட்சம் கிலோமீட்டரைத் தாண்டியவை. இவற்றை விற்றுவிடுவதா, வைத்து ஓட்டுவதா? இக்கேள்விக்கு விடை காண, ஒரு வண்டியில் எது, எதனால் தேய்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாற்பது கோடிச் சுழற்சிகள்

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி செல்கிறது. அதன் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 முறை சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிமிடத்தில் ஒரு கிலோமீட்டர் கடக்கிறது. ஆகவே 2 இலட்சம் கிலோமீட்டர் ஓடுவதற்குள் எஞ்சினின் கிராங்க் தண்டு 40 கோடி முறை சுழன்றிருக்கும். ஒவ்வொரு வால்வும் இரண்டு சுழற்சிக்கு ஒரு முறை திறக்கும். எனவே அது 20 கோடி முறை திறந்து மூடியிருக்கும். அந்தத் தூரமோ பூமியை ஐந்து முறை சுற்றி வருவதற்குச் சமம்.

இவ்வளவு உழைத்தும் உலோகம் ஏன் தேய்ந்து பொடியாகவில்லை? உலோகமும் உலோகமும் பெரும்பாலும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை என்பதுதான் காரணம். தண்டு வேகமாகச் சுழலும்போது, அதனைச் சுற்றியுள்ள மசகெண்ணெய் குறுகிய இடைவெளிக்குள் இழுக்கப்படுகிறது. அங்கே எண்ணெயின் அழுத்தம் உயர்ந்து, தண்டைத் தூக்கி நிறுத்துகிறது. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே கனமுள்ள அந்த எண்ணெய்ப் படலத்தின் மேல் தண்டு மிதக்கிறது என்றே சொல்லலாம்.

சுழற்சி நின்றால் படலமும் இல்லை. மறுநாள் காலையில் சாவியைத் திருப்பும் அந்த முதல் நொடிகளில்தான் உலோகங்கள் உரசிக்கொள்கின்றன. ஆகவே எஞ்சினின் தேய்வைக் கணக்கிட, அது எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதோடு, எத்தனை முறை குளிர்ந்த நிலையில் கிளப்பப்பட்டது என்பதையும் கேட்க வேண்டும்.

இரண்டு வண்டிகளை ஒப்பிடுவோம். ஒன்று நெடுஞ்சாலையில் ஒரு பயணத்துக்கு 100 கிலோமீட்டர் வீதம் 2 இலட்சம் கிலோமீட்டர் ஓடியது. அது 2,000 முறை கிளப்பப்பட்டிருக்கும். மற்றொன்று ஊருக்குள் பள்ளிக்கும் கடைக்குமாக 3 கிலோமீட்டர் வீதம் 60,000 கிலோமீட்டர்தான் ஓடியது. ஆனால் அது 20,000 முறை கிளப்பப்பட்டிருக்கும்! எண்ணை மட்டும் பார்த்து இரண்டாவது வண்டியை வாங்கியவர், பத்து மடங்கு கிளப்பல்களையும் சேர்த்தே வாங்குகிறார்.

குறுந்தூர ஓட்டத்தில் வேறொரு தீமையும் உண்டு. எரிபொருள் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. அதில் ஒரு பகுதி, எரியாத எரிபொருளுடன் சேர்ந்து, பிஸ்டன் வளையங்களைக் கடந்து எண்ணெயில் கலக்கிறது. நீண்ட தூரம் ஓடிச் சூடேறிய எண்ணெயிலிருந்து இவை ஆவியாகி வெளியேறிவிடும். 3 கிலோமீட்டரில் நின்றுவிடும் வண்டியில் அவை எண்ணெயிலேயே தங்கி, அதனைக் கெடுக்கும். எண்ணெய் மாற்றுவதற்குக் கிலோமீட்டர் கணக்கோடு மாதக் கணக்கையும் தயாரிப்பாளர்கள் குறிப்பிடுவது இதனால்தான். இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போதே மாற்றிவிட வேண்டும்.

நீருக்கும் ஒரு வயது

எஞ்சினைக் குளிர்விக்கும் 'கூலன்ட்' வெறும் தண்ணீர் அன்று. எத்திலீன் கிளைக்காலும், தாது உப்பு நீக்கிய நீரும், உலோக அரிமானத்தைத் தடுக்கும் வேதிப்பொருள்களும் கலந்த நீர்மம் அது. அரிமானத் தடுப்பான்கள் நாளடைவில் செலவழிந்துபோகும். நிறம் மாறாமல் இருப்பதால் அது நன்றாக இருப்பதாகக் கருதிவிடக் கூடாது.

அளவு குறையும்போது ஆழ்குழாய்க் கிணற்று நீரை ஊற்றி நிரப்புவது நம்மிடையே உள்ள பழக்கம். கெட்டிலில் கடின நீரைத் தொடர்ந்து காய்ச்சினால் அடியில் வெண்ணிறப் படிவு ஏற்படுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே படிவு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் உண்டாகும். அப்படிவு வெப்பத்தை எளிதில் கடத்தாது. கோடையில், மலையேற்றத்தில், குளிர்சாதனமும் இயங்கும் வேளையில் எஞ்சின் கொதிக்கத் தொடங்கும்.

அலுமினியம் சூட்டில் இரும்பைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு விரிவடையும். அளவுக்கு மீறிச் சூடேறிய அலுமினிய எஞ்சின் தலைப்பகுதி நெளிந்துவிட்டால், பழுது பார்க்கும் செலவு மிகப் பெரிது. ஆகவே வெப்பமானி சிவப்பைத் தொட்டதும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட வேண்டும். 'அடுத்த ஊர் வரை போய்விடலாம்' என்று எண்ணக் கூடாது. சூடாக இருக்கும்போது கூலன்ட் தொட்டியின் மூடியையும் திறக்கக் கூடாது. உள்ளே அழுத்தம் மிகுந்திருப்பதால்தான் நீர்மம் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்தால் அழுத்தம் நீங்கி, அது ஒரே நொடியில் கொதித்து முகத்தில் பீறிட்டு அடிக்கும்.

முதலில் முதுமையடைவது ரப்பர்

சார்லஸ் குட்இயர் 1844இல் காப்புரிமை பெற்ற முறைப்படி, ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால், நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு இடையே கந்தகப் பாலங்கள் அமைகின்றன. ரப்பருக்கு உறுதி வருவது இப்பாலங்களால்தான். ஆனால் ரப்பரின் வேதி மாற்றம் தொழிற்சாலையோடு முடிந்துவிடுவதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும், எஞ்சினின் வெப்பமும் அதனைத் தொடர்ந்து மாற்றுகின்றன. மென்மையாக இருந்த ரப்பர் இறுகி, வெடிப்பு விடுகிறது. வண்டி ஓடாமல் நின்றாலும் இம்மாற்றம் நிற்பதில்லை.

டயரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். '2319' என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். பள்ளங்கள் ஆழமாக இருந்தாலும் பத்து ஆண்டு கடந்த டயரை நம்பக் கூடாது. ஐந்து ஆண்டு ஆனதிலிருந்தே ஆண்டுக்கொரு முறை சோதிப்பது நல்லது.

எஞ்சினுக்குள் இதைவிட ஆபத்தான ரப்பர் ஒன்று உண்டு. கிராங்க் தண்டின் சுழற்சியை வால்வுகளை இயக்கும் தண்டுக்குக் கொண்டு செல்லும் 'டைமிங் பெல்ட்' அது. எக்கோஸ்போர்ட்டின் டீசல் எஞ்சினில் இது இருக்கிறது. வால்வு திறந்திருக்கும்போது பிஸ்டன் மேலே வராதபடி ஒழுங்குபடுத்துவது இந்தப் பட்டைதான். ஓடும்போது இது அறுந்தால், பிஸ்டன் வால்வுகளில் மோதி அவற்றை வளைத்துவிடும். அறுவதற்கு முன்பு எந்த ஓசையும் எழாமல் போகலாம். ஆகவே 'ஓடும் வரை ஓடட்டும்' என்ற கொள்கை இங்கே உதவாது. கையேட்டில் குறிப்பிட்ட தூரமோ, ஆண்டோ வந்ததும் மாற்றியே தீர வேண்டும்.

சக்கரங்களை உடலோடு இணைக்கும் கைகளில் உள்ள ரப்பர் புஷ்களும் இப்படியே கெடும். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது கேட்கும் 'டக் டக்' ஓசையும், டயரின் ஒரு பக்கம் மட்டும் தேய்வதும் அதன் அறிகுறிகளாக இருக்கலாம். உயரமான வண்டியின் ஈர்ப்பு மையமும் உயரத்தில் இருப்பதால், புஷ்களும் ஷாக் அப்சார்பர்களும் தளர்ந்த நிலையில் வளைவுகளில் வேகமாகத் திருப்புவது ஆபத்தாகும்.

மலையிலிருந்து இறங்கும்போது

முதிய வண்டியில் உயிரோடு விளையாடும் பகுதி பிரேக். ஐந்து பேரும் பெட்டிகளுமாக 1,600 கிலோகிராம் நிறையுள்ள ஒரு வண்டி, 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட கொல்லிமலைப் பாதையில் ஏறத்தாழ 1,000 மீட்டர் இறங்குகிறது என்று கொள்வோம். அது இழக்கும் நிலை ஆற்றல் ஏறத்தாழ 157 இலட்சம் ஜூல். 50 லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர இந்த ஆற்றல் போதும். பிரேக்கை மட்டுமே அழுத்திக்கொண்டு இறங்கினால், இதில் பெரும்பகுதி சக்கரங்களின் அருகே வெப்பமாகிவிடும்.

கால்மிதியின் அழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டு செல்வது பிரேக் நீர்மம். இந்நீர்மம் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. டாட் 4 என்னும் வகை, புதியதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. 3.7 விழுக்காடு நீர் கலந்துவிட்டால் இந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. பழைய நீர்மம் மலைப்பாதையின் வெப்பத்தில் கொதித்து, குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் தோன்றினால் என்ன ஆகும்? நீர்மத்தை அமுக்க முடியாது. ஆவியை எளிதில் அமுக்கிவிடலாம். கால்மிதி தரை வரை செல்லும், வண்டி நிற்காது. சமவெளியில் ஆண்டு முழுவதும் நன்றாகப் பிடித்த பிரேக், மிகவும் தேவைப்படும் வளைவில் கைவிடுவது இவ்வாறுதான். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை இந்நீர்மத்தை மாற்ற ஆகும் செலவு, ஒரு டயரின் விலையைவிடக் குறைவு.

இறங்கும் முறையும் முக்கியம். எந்தக் கியரில் ஏறினீர்களோ அந்தக் கியரிலேயே இறங்குங்கள். அப்போது எஞ்சினே வேகத்தைக் கட்டுப்படுத்துவதில் பெரும்பங்கு ஏற்கும். சிக்கனம் கருதி நியூட்ரலில் விட்டு இறங்குபவர்கள் உண்டு. இதில் சிக்கனமும் இல்லை! இன்றைய எஞ்சின்களில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், மின்னணுக் கட்டுப்பாடு எரிபொருளை அடியோடு நிறுத்திவிடும். நியூட்ரலிலோ, எஞ்சின் அணையாமலிருக்க எரிபொருள் செலவாகிக்கொண்டே இருக்கும். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவது இன்னும் தீது. பிரேக்குக்கு உதவும் வெற்றிட விசை இரண்டு மூன்று முறை அழுத்துவதற்குள் தீர்ந்துவிடும்.

சமவெளியிலும் வேகத்தில் நிதானம் தேவை. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 80க்குச் சென்றால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது; பிரேக்குகள் விழுங்க வேண்டிய ஆற்றலோ ஏறத்தாழ 1.8 மடங்காகிறது. அதற்காக எஞ்சினை முனகவிட்டு உயர் கியரில் மேடேற்றுவதும் நல்லதன்று. கியரைக் குறைத்து, எளிதாகச் சுழலவிட வேண்டும்.

ஒரு குறிப்பேடு

உலோகம் மெதுவாகத் தேய்கிறது; ரப்பரும் நீர்மங்களும் காலத்தாலும் வெப்பத்தாலும் விரைவில் கெடுகின்றன. கெட்டுப்போன மலிவான பொருளை மாற்றாமல் விடும்போது, அது விலையுயர்ந்த உலோகத்தையும் தன்னுடன் இழுத்துச் செல்கிறது. முதிய வண்டியின் முதுமை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

ஆகவே வண்டியில் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். நாள், கிலோமீட்டர், மாற்றிய பொருள் ஆகிய மூன்றை மட்டும் எழுதி வந்தால் போதும். குறிப்பேடு இல்லாத பழைய வண்டியை வாங்கியவர், எஞ்சின் எண்ணெய், கூலன்ட், பிரேக் நீர்மம், டைமிங் பெல்ட் ஆகிய நான்கையும் மாற்றிவிட்டு, அன்றைய நாளை முதற்பக்கத்தில் எழுதித் தொடங்கலாம். சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு நம் நாட்டில் 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் வண்டியைச் சோதித்துத் தகுதி கண்டே புதுப்பிப்பார்கள். 2013இல் பதிவான வண்டிக்கு அந்நாள் 2028இல் வரும். அன்று சோதிப்பவரிடம் காட்டுவதற்கு மட்டுமல்ல, நாளைக் காலை குழந்தைகளை ஏற்றிக்கொண்டு மலைக்குச் செல்லலாமா என்று உங்களுக்கு நீங்களே விடை சொல்லிக்கொள்வதற்கும் அந்தக் குறிப்பேடு உதவும்.