கணிப்பொறியில் ஓர் அழையா விருந்தாளி

பொன்முடிக்குப் போகும் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பமாகும் இடத்தில் இருக்கிறது கல்லாறு. மீன்முட்டி அருவி பார்க்கப் போன அன்பர்களுக்கு அந்த ஊர் தெரிந்திருக்கும். அண்மையில் அங்கே என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். கல்லூரி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்திருந்த அவள் மகள், "மாமா, இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்றாள். பிரௌசரைத் திறந்தால் வழக்கமான பக்கம் வரவில்லை; பெயர் தெரியாத ஏதோ ஒரு தேடல் பக்கம் வந்தது. உதவித்தொகையின் பெயரை அடித்ததும் முதலில் வந்தது அரசுப் பக்கம் போலவே தோற்றமளித்த ஒன்று. அது கட்டணம் என்று சொல்லி ஏ.டி.எம். கார்டு எண்ணைக் கேட்டது. இலவச விண்ணப்பத்துக்கு ஏது கட்டணம் என்று பெண்ணுக்குச் சந்தேகம் வந்ததால் பணம் தப்பியது.

"நான் ஒன்றும் செய்யவில்லையே" என்றாள். செய்திருந்தாள். சான்றிதழ்களை பி.டி.எஃப். ஆக மாற்ற இலவச புரோகிராம் ஒன்றை இறக்கி, 'நெக்ஸ்ட்', 'நெக்ஸ்ட்' என்று அழுத்திக்கொண்டே போயிருக்கிறாள். நாம் எல்லோரும் செய்வதுதான். அந்த 'நெக்ஸ்ட்'களில் ஒன்று, இன்னொரு புரோகிராமையும் சேர்த்து நிறுவ நாம் கொடுக்கும் சம்மதம். இப்படி நுழைவதற்குத்தான் ஆட்வேர் என்று பெயர். நம் தேடலைத் தன் வழியாகத் திருப்பி, விளம்பரம் காட்டி, அதைத் தயாரித்தவர் காசு பார்க்கிறார்.

இது சில்லறை வியாபாரம் என்று எண்ண வேண்டாம். 2017 ஜூன் மாதம் செக் பாயிண்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் 'ஃபயர்பால்' என்ற ஆட்வேரைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. பெய்ஜிங்கிலுள்ள ராஃபோடெக் என்ற விளம்பர நிறுவனம் அதை இலவச மென்பொருள்களோடு சேர்த்து அனுப்பியதாகவும், உலகில் 25 கோடி கணிப்பொறிகளில் அது புகுந்ததாகவும், அவற்றில் மிக அதிகமாக 2.53 கோடி இந்தியாவில் இருந்ததாகவும் கணக்கிட்டார்கள். இந்த எண்ணிக்கை மிகைப்படுத்தப்பட்டது என்று மைக்ரோசாஃப்ட் மறுத்தது. பாதியாகவே இருந்தாலும் கொஞ்சமா? அதைவிடக் கவலைக்குரியது, விளம்பரம் காட்ட வந்த அந்த புரோகிராம் வேறு எந்த புரோகிராமையும் இறக்கி இயக்கும் திறன் பெற்றிருந்தது என்பதே.

இனி, நீக்கும் முறை. வரிசை முக்கியம், பலர் முகப்புப் பக்கத்தை மட்டும் மாற்றிவிட்டு, மறுநாள் அது திரும்பி வந்ததும் தலையில் கை வைக்கிறார்கள். முதலில் விண்டோஸ் 'செட்டிங்ஸ்' போய், 'ஆப்ஸ்' பட்டியலைத் தேதிவாரியாக அடுக்கி, தொல்லை தொடங்கிய நாளில் வந்த, நீங்கள் அறியாத புரோகிராம்களை நீக்குங்கள். பிறகு பிரௌசரின் 'எக்ஸ்டென்ஷன்ஸ்' பகுதியில் தெரியாததை எடுத்துவிடுங்கள். அதன் பிறகே குரோமில் 'ரீசெட் செட்டிங்ஸ்', ஃபயர்ஃபாக்ஸில் 'ரெஃப்ரெஷ்'. சேமித்த பாஸ்வேர்டுகளும் புக்மார்க்குகளும் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம், அவை இருக்கும்.

அதற்குப் பிறகும் வந்தால், மேசைத் திரையிலுள்ள பிரௌசர் படத்தில் வலது கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்' பாருங்கள். 'டார்கெட்' வரியின் கடைசியில் ஏதாவது வலைமுகவரி ஒட்டியிருந்தால் அதுதான் குற்றவாளி. தங்கை மகளின் கணிப்பொறியில் அப்படித்தான் இருந்தது. கண்டுபிடிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. கடைசியாக, விண்டோஸிலேயே உள்ள டிஃபெண்டரைக் கொண்டு முழுச் சோதனை செய்யுங்கள். மத்திய அரசு 2017-ல் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரா வழியாகவும் தீய மென்பொருள்களை நீக்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. 'உங்கள் கணிப்பொறியில் வைரஸ், இந்த எண்ணுக்கு உடனே போன் செய்யுங்கள்' என்று திரையில் வரும் அறிவிப்பை மட்டும் நம்பிவிடாதீர்கள். அதுவும் அதே கூட்டத்தின் வேலைதான்.

கார்டு எண்ணை ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் முதலில் வங்கிக்குச் சொல்லிக் கார்டை நிறுத்த வேண்டும். பணம் போயிருந்தால், இந்தியாவில் இருப்பவர்கள் தாமதியாமல் 1930 என்ற எண்ணை அழைக்கலாம். பாஸ்வேர்டுகளை வேறொரு கணிப்பொறியிலிருந்து மாற்றுவது நல்லது.

மறுநாள் காலை விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. பி.டி.எஃப். ஆக்குவதற்குத் தனி புரோகிராம் எதுவும் தேவைப்படவில்லை. அந்த வசதி வேர்டிலேயே இருக்கிறது.