காலத்திற்குப் பெயர் தந்த மலர்

குறிஞ்சி என்றும் முல்லை என்றும் நிலத்திற்கே பூவின் பெயரை இட்டு வழங்கியவர்கள் நம் முன்னோர். ஐரோப்பிய நிலநூல் வல்லுநர் ஒரு பூவின் பெயரைக் காலத்திற்குச் சூட்டினர். டிரையாஸ் என்பது அம்மலர்.

ஐஸ்லாந்து, நார்வே, கிரீன்லாந்து முதலிய குளிர் நாடுகளிலும், ஆல்ப்ஸ் மலையின் உயர்ந்த சரிவுகளிலும் அது வளர்கிறது. வெள்ளிதழ்கள் பெரும்பாலும் எட்டு. நடுவே மஞ்சள் மகரந்தத் தாள்கள். ரோஜாவின் குடும்பமேயாயினும், பாய் விரித்தாற்போலத் தரையோடு படர்வதால் கடுங்காற்று அதனை அதிகம் வருத்துவதில்லை. சிற்றிலைகளின் அடிப்புறத்தில் வெண்பஞ்சு போன்ற மயிர் அடர்ந்திருக்கும். வடநாட்டுக் குளிர்காலத்தைக் கம்பளிக்குள் கழிக்கும் நம்மவருக்கு அதன் பயனை விளக்க வேண்டுவதில்லை. மலரோ, கதிரவன் செல்லும் திசையெல்லாம் முகம் திருப்பி, கிண்ணம் போன்ற தன் வடிவால் வெப்பத்தை நடுவே குவிக்கும். அங்கே குளிர்காய வரும் ஈக்கள் மகரந்தத்தைச் சுமந்து செல்லும். தங்கிய இடத்திற்குத் தரும் வாடகை என்று கொள்ளலாம்!

இனி, பெயர் வந்த வரலாறு. டென்மார்க்கில் அல்லெரோட் என்னுமிடத்துக் களிமண் குழியை 1901-இல் ஹார்ட்ஸ், மில்தெர்ஸ் என்னும் இருவர் ஆராய்ந்தனர். அடியிலிருந்த களிமண்ணில் டிரையாஸ் இலைகள் கிடைத்தன. அதன்மேல், பிர்ச் மரங்கள் வளர்ந்த காலத்து மக்கிய சேறு படிந்திருந்தது. அதற்கும் மேலே மீண்டும் களிமண். மீண்டும் டிரையாஸ் இலைகள்!

இதன் பொருள் யாது? பனியுகம் தணிந்து மரங்கள் தழைத்த பின்னர், குளிர் திரும்பிவந்து அவற்றை விரட்டியது என்பதே. ஏறக்குறைய 12,900 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, 11,700 ஆண்டுகளுக்கு முன் முடிந்த அக்குளிரை 'இளைய டிரையாஸ்' என்பர். வட அமெரிக்காவில் உருகிய பனிநீர் அட்லாண்டிக் கடலிற் பாய்ந்து, வெந்நீரோட்டத்தைத் தளரச் செய்தது என்பது பலர் கருத்து. வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் அக்குளிர் சில பத்தாண்டுகளிலேயே அகன்றதைக் கிரீன்லாந்துப் பனிப்பாளங்கள் காட்டுகின்றன. பருவநிலை மெல்லமெல்லத்தான் மாறும் என்ற நம் எண்ணம் இங்கே பொய்த்துப்போகிறது.

வெப்பம் மீளவே காடுகள் எழுந்தன. நிழலைத் தாங்காத டிரையாஸ் வடக்கேயும் மலைமேலும் ஒதுங்கியது. 2004-இல் ஐஸ்லாந்து அதனைத் தன் தேசிய மலராக ஏற்றது. இப்பொழுது வடதுருவப் பகுதி வெப்பமடைய, உயர்ந்த புதர்கள் பல இடங்களில் அந்நிலங்களுக்குள் பரவி வருகின்றன.