ஆறு அங்குலத்துக்கு அனுமதி உண்டா, சார்?

என் சித்தப்பாவுக்குச் சொத்து என்று மூன்று. கேரள எல்லையில் கொஞ்சம் ஏலத்தோட்டம், முறுக்கிவிட்ட மீசை, 1987 மாடல் மகேந்திரா ஜீப். "இதுல உங்களுக்கு எது சித்தப்பா முதல்ல?" என்று கேட்டால், சித்தி உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்: "லிஸ்ட்டுல நான் இல்லாததைக் கவனிச்சியா?"

அந்த ஜீப்பைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஊர் பெயர் சொல்லமாட்டேன். சொன்னால் எந்த ஆர்.டி.ஓ. ஆபீஸ் என்று தெரிந்துவிடும். அங்கிருப்பவர்கள் நல்லவர்கள். பாவம், அவர்கள் கையில் ஒன்றுமில்லை.

1997 ஐப்பசி. நான் அப்போது மூன்றாம் வகுப்பு. தோட்டத்திலிருந்து மூட்டைகளோடு இறங்கி வந்த ஜீப், பாதை ஒரு பக்கமாகச் சரிந்திருந்த இடத்தில், மழைச் சேற்றில் மெள்ளச் சாய்ந்தது. வேகம் இல்லை. 'மாடு படுக்கிற மாதிரி படுத்துச்சு' என்பார் சித்தப்பா. ஒரு நிழல் மரம் தடுத்திருக்காவிட்டால் நேரே பள்ளம்தான். சித்தப்பாவுக்குக் காறை எலும்பு முறிந்தது. பின்னால் மூட்டை மேல் உட்கார்ந்து வந்த கங்காணிக்குக் கால். இன்றுவரை அவர் விந்தி விந்தித்தான் நடக்கிறார்.

ஜீப் ஏன் சாய்ந்தது என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம். எதிர்வீட்டுப் பாட்டி கண் திருஷ்டி என்றாள். பட்டறை பாய் மட்டும்தான் விஷயத்துக்கு வந்தார்.

"அண்ணே, வண்டி ஒல்லி. அதான்."

உண்மைதான். நம்ம ஊர் பழைய ஜீப்பின் பூர்வீகம் இரண்டாம் உலகப் போர் காலத்து வில்லீஸ். 1940களின் கடைசியில் அதை இங்கே பூட்ட ஆரம்பித்தது மகேந்திரா. பட்டாளத்துக்குக் குறுகலான சந்திலும் காட்டிலும் நுழைகிற வண்டி வேண்டும். அதனால் இடது டயரின் நடுவிலிருந்து வலது டயரின் நடு வரைக்கும் சுமார் நான்கு அடிதான். இந்த அகலத்தை 'டிராக்' என்கிறார்கள். அந்த அளவு பல மாடல்களுக்கு அப்படியே வாரிசுரிமையாக வந்துவிட்டது. நான்கு அடி அகலத்தில் நின்றுகொண்டு தலையில் மூட்டை சுமந்தால் யார்தான் தள்ளாட மாட்டார்கள்?

நான் பி.காம். இயற்பியலுக்கும் எனக்கும் பத்தாம் வகுப்போடு சரி. ஆனாலும் ஒரு இன்ஜினீயர் நண்பனை உட்கார வைத்துக் கணக்குப் போட்டேன். டிராக் 123 சென்டிமீட்டர். வண்டியின் எடை மையம் தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பாதை 41 டிகிரி சாய்ந்தால் வண்டி கவிழும். டிராக்கை 15 சென்டிமீட்டர், அதாவது ஆறு அங்குலம் கூட்டினால் அது 44 டிகிரியைத் தாண்டுகிறது. ஸ்பிரிங் அமுங்குவது, மூட்டை உயரம் எல்லாம் சேர்ந்தால் இரண்டு எண்ணுமே குறையும்.

"மூணு டிகிரி! இதுக்கா இத்தனை அலட்டல்?" என்று நான் சிரித்தேன். நண்பன் சிரிக்கவில்லை. "மாடிப்படி விளிம்புல நிக்கிறவனுக்கு மூணு இஞ்ச் எவ்வளவு பெரிசு, யோசிச்சுப் பாரு" என்றான்.

1998-ல் பாய் ஆறு அங்குலம் அகலமான ஆக்ஸில் இரண்டைப் பழைய இரும்புக் கடையில் பிடித்துவிட்டார். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று, ஹவுசிங்கோடு. இது ஏதோ சட்டைக்கு பட்டன் மாற்றுகிற வேலை இல்லை. பட்டை ஸ்பிரிங் வந்து உட்காரும் இடத்தை வெட்டி, நகர்த்தி, வெல்டிங் செய்யவேண்டும். ஸ்டியரிங் ராடின் நீளம் மாறும். பிரேக் டியூப் மாறும். எல்லாவற்றுக்கும் மேல், முன் கிரவுனும் பின் கிரவுனும் ஒரே பல் கணக்கில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஃபோர் வீல் போட்டதும் முன்சக்கரம் ஒரு கணக்கில் ஓடும், பின்சக்கரம் இன்னொரு கணக்கில் ஓடும். மாமியார் மருமகள் ஒரே அடுப்பில் சமைக்கிற கதை!

பாய் மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். வேலை சுத்தம். ஆரம்பிக்கும் முன்பே ஒரு வார்த்தை சொன்னாராம்: "அண்ணே, ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல ஒரு லெட்டர் குடுத்துட்டு வந்துருங்க. அப்புறமா கழட்டறேன்."

"பாத்துக்கலாம் பாய்."

இந்த 'பாத்துக்கலாம்' எவ்வளவு விலை பெற்றது என்பது பின்னால்தான் தெரிந்தது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. வண்டியை மாற்றியமைப்பது பற்றியது. அன்றிருந்த வாசகத்தைப் படித்தபோது எனக்கு மயக்கமே வந்தது. ஆர்.சி. புக்கில் உள்ள விவரம் மாறும்படி எதையாவது செய்யப்போகிறீர்களா? முன்கூட்டிக் கடிதம் கொடுங்கள். ஏழு நாளுக்குள் ஆபீஸ் தபாலில் பதில் போடவேண்டும். ஏழு நாளில் பதில் வரவில்லை என்றால்? அனுமதி கொடுத்ததாகவே அர்த்தம்! சர்க்கார் சும்மா இருந்தாலே நம் காரியம் ஆகிவிடுகிற மாதிரி இந்த நாட்டில் ஒரு சட்டம் இருந்திருக்கிறது. சித்தப்பா அதைத் தவறவிட்டிருக்கிறார்.

2000 ஆகஸ்டில் அந்தக் கதவைச் சாத்திவிட்டார்கள். திருத்தத்துக்குப் பிறகு, தயாரித்த கம்பெனி சொன்ன விவரத்திலிருந்து ஆர்.சி. விவரம் மாறுகிற மாதிரி எதையும் செய்யக்கூடாது. கடிதம் கொடுத்தாலும் கிடையாது. கேஸ் கிட் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. 2019 திருத்தத்தில் மாற்றுத்திறனாளிகளுக்காக வண்டியை மாற்றிக்கொள்ளவும் வழி வைத்தார்கள். நல்ல காரியம். ஆக்ஸிலுக்கு மட்டும் வழி இல்லை.

2002, 2007, 2012, 2017... ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்கப் போனது ஜீப். சேஸிஸ் நம்பர் மேல் பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்தார்கள், ஹாரன் அடிக்கச் சொன்னார்கள், அனுப்பிவிட்டார்கள். யாரும் குனிந்து பார்க்கவில்லை.

2022-ல் வந்த பிரேக் இன்ஸ்பெக்டர் இளைஞர். ஜீப் பிரியர் வேறு. அதுதான் வினை! மட்கார்டுக்கு வெளியே மூன்று அங்குலம் எட்டிப் பார்த்த டயரை நின்ற இடத்திலிருந்தே கண்டுபிடித்துவிட்டார். டேப் எடுத்து வரச் சொன்னார். சித்தப்பாவுக்குத் துணையாகப் போன எனக்கு வயிற்றில் புளி கரைத்தது.

"ஐயா, வேலை ரொம்ப நல்லா செஞ்சிருக்காங்க. என்கிட்ட இருந்தா நானும் இதைத்தான் செய்வேன். ஆனா இதுக்கு நான் கையெழுத்துப் போட முடியாது."

"இருபத்தி நாலு வருஷமா சாயாம ஓடுது சார்."

"ஓடுது. அதை நான் எழுதிக் குடுக்கறதுக்கு எனக்கு அதிகாரம் இல்லைங்கய்யா."

நான் என் பங்குக்கு வாதாடினேன். ஆர்.சி. புக்கில் வீல்பேஸுக்கு இடம் இருக்கிறது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உள்ள நீளம் அது. டிராக் என்று ஒரு கட்டமே கிடையாது. இல்லாத விவரம் எப்படி சார் மாறும்?

அவர் என்னைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தார் (வாழ்க்கையில் இப்படி அடிக்கடி நடப்பதில்லை). பிறகு பொறுமையாகச் சொன்னார். கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில், 2019 ஜனவரி 9-ம் தேதி, நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் இருவரும் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பு சொல்லியிருக்கிறார்கள். கம்பெனி கொடுத்த மூல அமைப்பு மாறும்படி வண்டியை மாற்ற முடியாது என்று. அதே வருஷத் திருத்தத்தில் தண்டனையும் வந்துவிட்டது: ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

சித்தப்பா விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். "முன் ஆக்ஸில் ஒண்ணு, பின் ஆக்ஸில் ஒண்ணு..."

"ஐயா, நான் கேஸ் போடப்போறதில்ல. பழையபடி மாத்திக் கொண்டாங்க. அது போதும்."

வெளியே வந்ததும் எனக்குக் கோபம். சாயாமல் இருக்கச் செய்த காரியம் குற்றமா? ஆனால் அவர் கடைசியாகச் சொன்ன ஒன்று மனதைக் குடைந்தது. "உங்க பாய் நல்லா வெல்டிங் பண்ணியிருக்கார். அடுத்த பட்டறைக்காரர் எப்படிப் பண்ணுவார்னு எனக்கு எப்படித் தெரியும்? வெல்டிங் விட்டுப்போய் ஆக்ஸில் நகர்ந்தா எதிர்ல வர்ற பஸ்ஸுக்கு யார் பதில்?" அதுவும் நியாயம்தானே! சோதிக்கிற இடம் நாட்டில் இல்லாமலில்லை. புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ. இருக்கிறது, நம்ம ஒரகடத்திலேயே ஒரு பெரிய சோதனை மையம் இருக்கிறது. ஆனால் அதெல்லாம் புது மாடல் கொண்டுவரும் கம்பெனிகள் போகிற வாசல். ஒரேயொரு பழைய ஜீப்பை ஓட்டிக்கொண்டு சித்தப்பா போய் நின்றால் வாட்ச்மேனோடு பேசிவிட்டு வரலாம்.

என்னோடு படித்தவன் ஒருவன் ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் பக்கம் இருக்கிறான். அவனிடம் புலம்பினேன். அவன் சொன்ன கதை வேறு மாதிரி. அங்கே டொயோட்டா லேண்ட் குரூஸர் 70 வரிசையில் 2007-ல் பெரிய வி8 இன்ஜினை வைக்க முன்பக்கத்தை அகலப்படுத்தினார்கள். பின்பக்கத்தை விட்டுவிட்டார்கள். பின் டயர்கள் முன் டயர்களைவிட 95 மில்லிமீட்டர் குறுகல். மணலில் முன் சக்கரம் போட்ட தடத்தில் பின் சக்கரம் போகாது. கம்பெனியே செய்த கோணல்! அதை நேராக்கப் பின் ஆக்ஸிலை அகலப்படுத்திக்கொள்கிறார்கள். பார்த்துச் சொல்ல அங்கீகாரம் பெற்ற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் அளந்து, பார்த்து, சரி என்றால் வண்டியில் ஒரு தகடு அடித்துவிடுவார்கள். தகடு இருந்தால் போலீசும் இன்ஷூரன்சும் கேள்வி கேட்பதில்லையாம்.

"அப்ப சித்தப்பா அங்க பொறந்திருக்கணும்" என்றேன்.

"அவசரப்படாதடா. முன்னாலயும் பின்னாலயும் முழு ஆக்ஸில் இருக்கிற ஃபோர் வீல் வண்டிக்கு, கம்பெனி அளவுக்கு மேல 50 மில்லிமீட்டர்தான் கூட்டலாம்னு இங்க பொது விதி. உங்க சித்தப்பா கூட்டினது எவ்வளவு?"

ஆறு அங்குலம். 150-க்கும் மேல். அங்கேயும் ஃபெயில்!

ஆனால் அங்கே முதல் நாளே ஒருவர் குனிந்து பார்த்து, 'இவ்வளவு வேண்டாம், இரண்டு அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்' என்று சொல்லியிருப்பார். இங்கே அப்படிச் சொல்ல ஒருவர் வர இருபத்தி நாலு வருஷம் ஆயிற்று. வந்தவருக்கும் 'கழட்டு' என்பதைத் தவிர வேறு வார்த்தை சொல்லச் சட்டத்தில் இடமில்லை.

பழைய ஆக்ஸிலுக்கு எங்கே போவது? சித்தி கொல்லைப்புறம் கை காட்டினாள். தண்ணீர் டிரம்முக்கு அடியில், இரண்டும் பத்திரமாக முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தன! பேரிங், சீல், பிரேக் ஷூ எல்லாம் புதிது போட்டு, பாயின் மகன் மறுபடி பூட்டிக் கொடுத்தார். பாய் ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தான் அன்று வைத்த வெல்டிங்கை மகன் அறுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. டீ வந்தது, குடிக்கவில்லை.

ஆர்.சி. புதுப்பித்தாயிற்று. 2027 வரை கவலையில்லை. அகல ஆக்ஸில்கள் இப்போது டிரம்முக்கு அடியில். சித்தப்பா மாதம் ஒருமுறை அவற்றுக்கு கிரீஸ் தடவுகிறார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

போன முறை தோட்டத்துக்குப் போயிருந்தேன். திரும்பும்போது, அந்தச் சரிவு வருவதற்கு முன்னால் ஜீப்பின் பக்கவாட்டுத் தகரத்தை யாரோ இரண்டு தட்டு தட்டினார்கள். சித்தப்பா எதுவும் கேட்காமல் நிறுத்தினார். பின்னாலிருந்து கங்காணி இறங்கினார். அந்த நூறு கஜத்தையும் விந்தி விந்தி நடந்தே கடந்தார். கீழே வந்து, செருப்பிலிருந்த சேற்றைப் புல்லில் துடைத்துவிட்டு, மறுபடி ஏறி உட்கார்ந்துகொண்டு சொன்னார்:

"போலாங்கய்யா."